குடும்ப ஆதரவு மையம்: பணமும் இடமும் நிலைக்க என்ன செய்யலாம்?

11 மாத ஒப்பந்தத்தில் ஒரு வாடகை வீடு, ஓராண்டுக்கு மட்டும் கையெழுத்தான திட்டப் பணம். தமிழ்நாட்டில் புதிதாகத் தொடங்கும் குடும்ப ஆதரவு மையங்கள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன. முதல் வருடம் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். இரண்டாம் வருடம் வீட்டுக்காரர், "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், போர்ஷன் வேணும்" என்பார். மூன்றாம் வருடம் நிதி தந்த கம்பெனி மரம் நடப் போய்விடும். மையத்துக்குப் பூட்டு விழும்போது, அதுவரை வந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு முறையாகத் தகவல் சொல்லக்கூட ஆள் இருக்காது.

தங்கள் பகுதியில் ஒரு மையம் தொடங்க நினைப்பவர்களுக்கும், தொடங்கிவிட்டு மூச்சு வாங்குபவர்களுக்கும் இந்தக் கட்டுரை. குடித்துவிட்டு அடிக்கும் கணவன், பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிற பிள்ளை, படுத்த படுக்கையான மாமியார், பேச்சு வராத குழந்தை, வட்டிக்காரர் தொல்லை. இதில் ஏதோ ஒன்றோடு ஒரு குடும்பம் வந்து உட்கார ஓர் அறை, காது கொடுத்துக் கேட்க ஓர் ஆலோசகர், அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று வழி சொல்ல ஒரு சமூகப் பணியாளர். இதைத்தான் இங்கே மையம் என்கிறேன். சட்டம், திட்டம் எல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியவை.

ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். நம் ஊரில் கட்டடத்துக்குப் பணம் தருபவர்கள் சம்பளத்துக்குத் தருவது அரிது. சம்பளத்துக்குத் தருபவர்கள் கட்டடத்தைத் தொட மாட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் நிதி அறை கட்டித் தரும். அந்த அறையில் உட்காரும் ஆலோசகருக்கு ஒரு ரூபாய் தராது. ஆகவே இரண்டையும் தனித்தனியாக, ஆனால் ஒரே நேரத்தில் தேட வேண்டும். இரண்டுக்கும் கேட்கப்படும் காகிதங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது ஓர் ஆறுதல்.

இரவு தங்க வைப்பீர்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அமைப்புக்குப் பத்திரம் எழுத உட்காராதீர்கள். பகலில் வந்து போகும் மையம் என்றால் சட்டச் சுமை குறைவு. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளை ஓர் இரவு தங்க வைத்தாலும் கதை வேறு: 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம், பதிவில்லாமல் நடத்தினால் சிறை வரை போகலாம். பெண்களைத் தங்க வைக்கும் இல்லங்களுக்கும் விடுதிகளுக்கும் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி உரிமம் வேண்டும்.

புதியவர்களுக்கு என் யோசனை, பகல் மையமாகவே தொடங்குங்கள். இரவில் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வந்து நின்றால், மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு, அதாவது 'சகி' மையத்துக்கு, அனுப்பலாம். அங்கே சில நாள் தங்க வசதி உண்டு. 181 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். பிள்ளைகள் என்றால் 1098. மாவட்ட சமூக நல அலுவலரையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரையும் தொடக்கத்திலேயே நேரில் பார்த்து, "நாங்கள் இந்தத் தெருவில் இந்த வேலை செய்யப் போகிறோம்" என்று ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். பின்னால் அந்த முத்திரை பல இடங்களில் கதவு திறக்கும்.

எந்தப் பெயரில் பதிவு?

மூன்று வழி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் சங்கம். குறைந்தது 7 பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. அல்லது பொது அறக்கட்டளை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் போதும். அல்லது கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாப நோக்கமற்ற நிறுவனம். இதற்குச் செலவும் ஆண்டுக் கணக்கு வேலையும் கூடுதல்.

கட்டடம் என்ற கோணத்தில் பார்த்தால் இந்தத் தேர்வு முக்கியம். சங்கத்தில் தேர்தல் தகராறு வந்தால் யார் செயலாளர் என்பதே கோர்ட்டுக்குப் போகும். அதுவரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. அறக்கட்டளையில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் கணவன், மனைவி, மச்சான் என்று மூன்று பேர் சேர்ந்து எழுதிய அறக்கட்டளை கொஞ்ச நாளில் வீட்டுச் சொத்தாகிவிடும். ஊர்க்காரர்களில் 20, 30 பேர் உண்மையிலேயே உறுப்பினராக வந்து உட்காரத் தயார் என்றால் சங்கம் நல்லது. இல்லையென்றால் 5 முதல் 7 அறங்காவலர்கள், ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மேல் கூடாது, ஒவ்வொருவருக்கும் பதவிக் காலம் என்று எழுதி அறக்கட்டளை ஆக்குங்கள்.

எதுவானாலும் இரண்டு வாசகங்கள் பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும். அமைப்பு கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு பொது அமைப்புக்குத்தான் போகும் என்பது ஒன்று. அசையாச் சொத்து எப்போதும் அமைப்பின் பெயரில் மட்டுமே வாங்கப்படும், எந்தத் தனிநபர் பெயரிலும் அல்ல என்பது இன்னொன்று. "இப்போதைக்கு என் பெயரில் இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வேண்டாம். அவருக்குப் பிறகு வாரிசுகள் வருவார்கள்.

காகித வரிசை

பதிவு முடிந்ததும் அமைப்பின் பெயரில் பான் எண், இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு. அடுத்து வருமான வரித் துறையில் 12ஏபி (அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு) பதிவுகள். முதலில் தற்காலிகமாக 3 ஆண்டுக்குக் கிடைக்கும், பிறகு நிரந்தரப் பதிவு என்று பெயர் இருந்தாலும் அதையும் காலக்கெடுவில் புதுப்பிக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பேச்சில் எல்லோரும் இன்னும் '12ஏ, 80ஜி இருக்கா?' என்றுதான் கேட்பார்கள். தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிந்து ஓர் எண் வாங்குங்கள், மத்திய அரசு மானியம் எதற்கும் அது தேவை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி வாங்க சிஎஸ்ஆர்-1 என்ற படிவம் தாக்கல் செய்து தனி எண் பெற வேண்டும். இது 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

'மூன்று வருடம்' என்ற சொல் எங்கு போனாலும் குறுக்கே வரும். சிஎஸ்ஆர் நிதி வாங்க ஒத்த பணியில் மூன்று வருட அனுபவம். வெளிநாட்டு நிதிப் பதிவுக்கு மூன்று வருடம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இன் 10ஆம் பிரிவில் 'சேவை வழங்குநர்' என்று அரசிடம் பதியவும் மூன்று வருடப் பணி. அதனால் முதல் மூன்று வருடத்தை நிலம் தேடி அலைவதில் கழிக்காதீர்கள். சிறிய வாடகை இடத்தில் ஒழுங்காக வேலை செய்து, ஒவ்வொரு ஆண்டும் ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கும், எத்தனை குடும்பம் வந்தது, எதற்கு வந்தது, என்ன ஆனது என்ற பதிவேடும் சேர்த்து வையுங்கள். பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். நிதி தருபவர் 'பயனாளி போட்டோ' கேட்பார். அழுதுகொண்டு வந்த பெண்ணின் முகத்தை எவருடைய ஆண்டறிக்கைக்கும் தர வேண்டியதில்லை; கட்டடம், கூட்டம், பயிற்சி வகுப்பு இவற்றின் படம் போதும்.

மாதச் செலவு முதலில்

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஆலோசகர் 25,000, சமூகப் பணியாளர் 18,000, வாடகை 12,000, மின்சாரம், இணையம், டீ 4,000, ஆடிட்டர் கட்டணம், அச்சு, பயணம் மாதச் சராசரி 5,000. ஆக 64,000 ரூபாய், வருடத்துக்கு 7,68,000. உங்கள் ஊரில் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் சம்பளமும் வாடகையும் சேர்ந்து செலவில் பெரும்பகுதியை விழுங்கும் என்பது மாறாது. இந்த இரண்டைத்தான் பெரும்பாலான திட்ட மானியங்கள் 'நிர்வாகச் செலவு' என்று தள்ளிவைக்கும். எனவே திட்ட முன்வரைவில் ஆலோசகர் சம்பளத்தை நிர்வாகச் செலவில் எழுதாதீர்கள். அவர்தான் சேவை. 'குடும்ப ஆலோசனை சேவை' என்ற தலைப்பிலேயே வர வேண்டும்.

நிலையான பணம் என்றால் பெரிய நன்கொடை என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில், 100 பேர் மாதம் 300 ரூபாய் தருவதுதான் நிலையான பணம். மாதம் 30,000, மேலே சொன்ன செலவில் ஏறக்குறைய பாதி. அந்த 100 பேரில் வருடத்துக்குப் பத்துப் பேர் விலகுவார்கள், புதிதாகப் பத்துப் பேரைச் சேர்க்க முடியும். ஒரே கம்பெனி விலகினால் மொத்தமும் போகும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மளிகைக் கடைக்காரர், மருந்துக் கடை, ஊரைவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று பட்டியல் போடுங்கள். வங்கியில் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு செய்துவிட்டால் மாதாமாதம் கேட்டு நிற்கும் சங்கடமும் இல்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, பான் எண்ணோடு. 80ஜி இருந்தால் தந்தவருக்குப் பொதுவாகத் தொகையில் பாதிக்கு வரிக் கழிவு கிடைக்கும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தக் கழிவு கிடையாது. உண்டியல் குலுக்குவது வேண்டாம். பெயர் தெரியாத நன்கொடைக்கு வரி விழ வாய்ப்புண்டு, அதைவிட முக்கியமாக ஊரில் பேச்சு கிளம்பும்.

ஆறு மாதச் செலவுக்கான பணம் வைப்புத் தொகையாகச் சேரும்வரை இரண்டாவது ஊழியரைக்கூடச் சேர்க்காதீர்கள் என்பேன். பலர் இதை ஏற்க மாட்டார்கள்.

கம்பெனிப் பணம்

கம்பெனிகள் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் பெரிய பெயர்களின் கதவைத்தான் தட்டுகிறார்கள். அங்கே வரிசையில் உங்களுக்கு முன் நூறு பேர் நிற்பார்கள். சராசரி லாபம் 5 கோடி உள்ள உள்ளூர் ஆலையின் கடமை வருடத்துக்கு 10 லட்சம். உங்கள் மையத்தின் ஆண்டுச் செலவைவிடச் சற்றுக் கூடுதல். ஒரு கம்பெனி செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அதற்குத் தனி சிஎஸ்ஆர் குழுகூடத் தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். அதாவது முதலாளியையே நேரில் பார்த்துப் பேசலாம். திருப்பூர், கரூர், ஓசூர், சிவகாசி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது; அவர்கள் ஆலையில் வேலை செய்யும் பெண்கள்தான் உங்கள் மையத்துக்கு வருகிறார்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், பெயர் சொல்லாமல்.

நேரம் பார்த்துப் போக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அடுத்த ஆண்டுத் திட்டம் பேசப்படும். மார்ச்சில் அவசரமாகக் கூப்பிட்டுப் பணம் தருபவர்களும் உண்டு, நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்ட. வாங்குவதில் தவறில்லை, ஆனால் "மார்ச் 31க்குள் செலவழித்து பில் கொடுங்கள்" என்ற நிபந்தனையோடு வரும் பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது. நாற்காலி, அலமாரி, கணினி, குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள் இவற்றை அதில் வாங்கிவிட்டு, 'தொடர் திட்டம்' என்று மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட முடியுமா என்று கேளுங்கள். விதிகளில் அதற்கு இடமிருக்கிறது.

சிஎஸ்ஆர் பணத்தில் கட்டடம் கட்டினால் அதைக் கம்பெனி வைத்துக்கொள்ள முடியாது. சிஎஸ்ஆர் எண் உள்ள அறக்கட்டளை, சங்கம், 8ஆம் பிரிவு நிறுவனம், அல்லது பயனாளிகளின் குழு, அல்லது அரசு அமைப்பு, இவற்றில் ஒன்றின் பெயரில்தான் அந்தச் சொத்து இருக்க முடியும். இந்த விதி நமக்குச் சாதகம். பேச்சு நடக்கும்போது இதைக் குறிப்பிட்டு, கட்டடம் யார் பெயரில் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பினால்

இதில் நல்ல மனசோடு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். துபாயில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் ஊர்ப் பையன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி அல்ல. கனடாவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். 1,000 ரூபாயானாலும் எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவு வேண்டுமென்றால் மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் முக்கியப் பணிக்கு 15 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. கடைசி மூன்றும் 2020 திருத்தத்தில் வந்தவை. தொடக்க நிலையில் இருக்கும் ஒரு தெருமுனை மையத்துக்கு இவ்வளவு தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நன்கொடைக்கு க்யூஆர் கோடு போடும்போது 'இந்தியக் குடிமக்கள் மட்டும்' என்று எழுதி வைப்பது நல்லது.

இடம்: வாடகையில் ஆரம்பித்து

சொந்தக் கட்டடம்தான் முடிவான லட்சியம் என்று நான் நினைக்கவில்லை. யாரும் திடீரென்று எழுப்பிவிட முடியாத இடம் வேண்டும், அவ்வளவுதான். அது வாடகையாகக்கூட இருக்கலாம்.

11 மாத ஒப்பந்தம் ஏன் போடுகிறார்கள்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவையும் கட்டுப்பாட்டையும் தவிர்க்கத்தான். மையம் நடத்துபவருக்கு வேண்டியது இதன் நேர்எதிர். 5 வருடம் கேளுங்கள், 3 கிடைத்தாலும் சரி, பதிவு செய்யுங்கள். பதியாமல் 'ஐந்து வருடம்' என்று வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியது கோர்ட்டில் ஐந்து வருடமாக நிற்காது. பதிந்திருந்தால் வீட்டுக்காரர் நடுவில் வீட்டை விற்றாலும் வாங்கியவர் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். இது தவிர, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி எந்த வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் ஆண்டு வாடகை உயர்வு எத்தனை சதவீதம், காலி செய்யச் சொன்னால் ஆறு மாத அவகாசம், சாய்தளம் போடவும் பெயர்ப்பலகை வைக்கவும் அனுமதி, பயன்பாடு 'சமூக சேவை ஆலோசனை மையம்' என்பவை வெளிப்படையாக இருக்கட்டும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால், வாசலில் ஒரு கணவன் வந்து கத்திய முதல் நாளே, "வீட்டுக்குத்தான் குடுத்தேன், இதுக்கெல்லாம் இல்ல" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒத்திக்கு, அதாவது போக்கியத்துக்கு, இடம் கிடைப்பதாகச் சிலர் ஆசை காட்டுவார்கள். மொத்தமாக 8 லட்சமோ 10 லட்சமோ கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. தனிக் குடும்பத்துக்குச் சரி. அமைப்பின் பணத்தைத் தனிநபரிடம் அப்படிக் கொடுத்து வைப்பது வருமான வரி விதிகளில் சிக்கலாகலாம், வீட்டுக்காரரிடம் திருப்பித் தரப் பணம் இல்லாமலும் போகலாம். ஆடிட்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

ஊர்ப் பொதுக் கட்டடம்

புதியவர்கள் அதிகம் கவனிக்காத வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் சும்மா கிடக்கும் கட்டடங்கள் ஏராளம்: கிராம சேவை மையம், சுயஉதவிக் குழுக் கட்டடம், பழைய ஊராட்சி அலுவலகம், பிள்ளைகள் குறைந்து மூடிய பள்ளி, வருடத்தில் நாலு நாள் மட்டும் திறக்கும் சமுதாயக் கூடம். ஊராட்சிச் செயலரிடம் சொத்துப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டால் பட்டியல் கிடைக்கும்.

செய்ய வேண்டியது, முதலில் அந்தக் கட்டடம் எந்தத் துறையுடையது என்று கண்டுபிடிப்பது. ஊராட்சி நிலத்தில் நின்றாலும் பள்ளிக் கட்டடம் கல்வித் துறையின் பொறுப்பில் இருக்கலாம். ஊராட்சிக்கே உரியது என்றால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. கூட்டத்துக்கு நீங்கள் மட்டும் போனால் போதாது. மையத்தால் பயனடைந்த குடும்பத்துப் பெண்கள் பத்துப் பேர் வந்து கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமென்றால் தனி அலுவலரிடம் மனு. தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலர், பிறகு மாவட்ட ஆட்சியர்; திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள்.

சாவி கொடுத்துவிட்டார்கள் என்று மகிழ்ந்து உள்ளே போய்விடாதீர்கள். சாவியைத் தலைவர் தந்தார், அடுத்த தலைவர் கேட்டால் என்ன செய்வீர்கள்? எத்தனை ஆண்டு, வாடகை எவ்வளவு அல்லது இலவசமா, மின்கட்டணம் யார், பழுது யார், என்ன காரணத்துக்கு எத்தனை நாள் அவகாசத்தில் திரும்பப் பெறலாம் என்று எழுதிய ஆணை அலுவலக எண்ணோடு வேண்டும். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, புயல் வந்தால் நிவாரண முகாம் என்று அந்தக் கட்டடத்தை எடுத்துக்கொள்வார்கள். அதை எதிர்க்க முடியாது, எதிர்க்கவும் கூடாது. குடும்பங்களின் கோப்புகளுக்கு இரும்பு அலமாரியும் அதற்குத் தனிப் பூட்டும் போட்டுவிடுங்கள், அது போதும்.

கட்டடம் இல்லை, புதிதாக ஓர் அறை வேண்டும் என்றால் 'நமக்கு நாமே' திட்டம் பொருத்தமானது. கிராமப்புறத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டிக் கட்டினால் மீதியை அரசு தரும். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அந்த மக்கள் பங்கை ஊர்க் கம்பெனியிடமிருந்தும் பெறலாம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. இரண்டிலும் கட்டப்படுவது பொதுச் சொத்து, தொடர் செலவுக்கு இடமில்லை. இப்படிக் கட்டிய கட்டடம் உங்களுடையது ஆகாது, உள்ளாட்சியுடையதுதான். கட்டுவதற்கு முன்பே 'குடும்ப ஆதரவு மையத்தின் பயன்பாட்டுக்கு' என்று தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். திறப்பு விழா முடிந்த பிறகு கேட்டால் அது ரேஷன் கடையாகியிருக்கும்.

யாராவது நிலம் தந்தால்

1930இல் முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டிலேயே பெண் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துத் தொடங்கிய அவ்வை இல்லம், பின்னர் அடையாறில் தனக்கென இடம் பெற்று இன்றும் இயங்குகிறது. அப்படி ஒருவர் இன்றும் உங்கள் ஊரில் கிடைக்கலாம். கிடைத்தால் நன்றி சொல்லிவிட்டு உடனே காகிதத்தைப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் நான்கையும் எடுங்கள். குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். அ-பதிவேட்டில் அந்த நிலத்தின் புல எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். பஞ்சமி நிலமாக இருந்தால், அதாவது 1892க்குப் பின் பட்டியல் சாதி மக்களுக்கென ஒதுக்கிய நிலமாக இருந்தால், கைமாறி உங்களிடம் வந்தாலும் செல்லாது, வாங்குவது அநியாயமும்கூட. நிலமற்றவர்களுக்கென்று தானமாகத் திரட்டிய பூமிதான நிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு. ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். எத்தனை வருடம் கழித்தும் இடிக்க வருவார்கள். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். தர்மகர்த்தா வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிக் கட்டடம் எழுப்பக் கூடாது.

பூர்வீகச் சொத்து என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும், அக்கா தங்கைகள் உட்பட. "தங்கச்சி ஒண்ணும் சொல்லாது" என்பார்கள். சொல்லும். உயில் எழுதி வைக்கிறேன் என்றால் அது அவர் உயிரோடிருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாறும். தானப் பத்திரம்தான் வழி: பதிவு, இரண்டு சாட்சி, அவர் இருக்கும்போதே அமைப்பு ஏற்றுக்கொண்டதாகக் குறிப்பு. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு உள்ள முத்திரைக் கட்டணச் சலுகை இதற்குக் கிடைக்காது. எனவே பதிவுச் செலவை முன்கூட்டியே விசாரித்து, யார் கட்டுவது என்று பேசி முடியுங்கள். 'மையம் நின்றுபோனால் நிலம் எங்களுக்கே திரும்ப வேண்டும்' என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. 'இதே பணி செய்யும் வேறு அமைப்புக்குப் போகும்' என்று மாற்றப் பேசிப் பாருங்கள்.

கட்டடத்துக்குப் பணம் சேர்ப்பதில் ஒரு வரி நுணுக்கம்

அறக்கட்டளை ஓராண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் கட்டடத்துக்கு எப்படிச் சேர்ப்பது? இரண்டு வழி. ஒன்று, 'கட்டட நிதிக்கு, மூலதனமாக' என்று நன்கொடையாளரே எழுத்தில் தருவது. அதை வங்கி வைப்பு போன்ற அனுமதிக்கப்பட்ட முதலீட்டில் தனியாக வைத்தால் அந்த விதியில் வராது. நீங்களாக 'கட்டட நிதி' என்று ரசீதில் முத்திரை குத்துவது போதாது, தந்தவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். இரண்டாவது, குறிப்பிட்ட நோக்கம் சொல்லி வரித் துறையிடம் உரிய படிவம் தாக்கல் செய்து அதிகபட்சம் 5 ஆண்டுவரை சேர்த்து வைப்பது. கணக்குத் தாக்கலுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. மறந்தால் சேர்த்த பணத்துக்கு வரி.

கட்டும்போதும் கட்டிய பிறகும்

வரைபட அனுமதி இல்லாமல் ஒரு செங்கல் வைக்காதீர்கள். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஊராட்சிப் பகுதிக்கும் பொருந்தும். பெரிய ஹால் கட்டாதீர்கள். நன்கொடையாளருக்கு ஹால் பிடிக்கும், பெயர்க்கல் வைக்கலாம். மையத்துக்கு வேண்டியது பேச்சு வெளியே கேட்காத இரண்டு சிறிய அறை, பிள்ளைகள் விளையாட ஒரு மூலை, சக்கர நாற்காலி போகும் சாய்தளமும் கழிப்பறையும், தெருவில் நிற்பவர் கண்ணில் படாமல் வெளியேற இன்னொரு வாசல். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும் தூரம். ஊருக்கு வெளியே இலவசமாகக் கிடைத்த அரை ஏக்கரைவிட, கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள இரண்டு சென்ட் மேலானது.

கட்டி முடித்ததும் மாதாமாதம் மிச்சமாகும் வாடகைப் பணத்தில் பாதியை அப்படியே பராமரிப்புக் கணக்கில் போடுங்கள். மேலே சொன்ன மாதிரியில் அது 6,000 ரூபாய். மொட்டை மாடி ஒழுகும், மோட்டார் எரியும், சொத்து வரி வரும். இதற்கெல்லாம் எந்தக் கம்பெனியும் பணம் தராது. பட்டாவையும் மின் இணைப்பையும் சொத்து வரி ரசீதையும் அமைப்பின் பெயருக்கு மாற்றும் வேலையை விழா நடந்த மாதமே முடியுங்கள். மூலப் பத்திரம் செயலாளர் வீட்டு பீரோவில் இருக்கக் கூடாது. அமைப்பின் பெயரில் வங்கி லாக்கர் எடுத்து, இரண்டு பேர் சேர்ந்து திறக்கும்படி வைத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலில் ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எல்லோரும் கையெழுத்திடுங்கள்.